அம்பலம் ஏறிய ஏழை சொல்
(கல்விச் சங்க வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

சட்டசபையில் நம்மவர் முதன்முதலில் இடம்பெற்ற வரலாற்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்துள்ளனர். கல்விச் சங்கத்தின் விழாவில் அரசியல் வரலாறு எதற்கு என்று சிலர் எண்ணலாம். கல்வியும் சட்டசபையும் நம் வரலாற்றில் வெவ்வேறு செய்திகள் அல்ல. சட்டசபைக்குள் முதலில் நுழைந்த நம் முன்னோருள் ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் பத்திரிகை ஆசிரியர். ஒருவர் சட்டக் கல்லூரிப் பேராசிரியர். ஒருவர் பள்ளிக்கூடம் நடத்திய துறவி. படிப்பே அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது. அங்கே போன பிறகும் பள்ளிக்கூடத்தையே அவர்கள் கேட்டார்கள்.

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஊர் அம்பலத்தில் உட்காரவே இடமில்லாத மக்களின் சொல், நாட்டின் பேரம்பலமாகிய சட்டசபையில் எவ்வாறு ஏறியது? ஏறிய பின் அது என்ன ஆயிற்று? இவ்விரண்டு வினாக்களுக்கும் என்னால் இயன்ற அளவு விடை கூற விரும்புகிறேன்.

சென்னைச் சட்டசபையின் தொடக்கம் 1861-ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் ஆகும். அப்போது சென்னை ராஜதானி என்பது இன்றைய தமிழ்நாட்டோடு ஆந்திர மாவட்டங்கள், மலபார், தென் கன்னடம் ஆகியவற்றையும் உள்ளடக்கியது. கவர்னர் தாம் விரும்பிய சிலரை நியமித்து ஆலோசனை கேட்பார்; அவ்வளவே. 1892-ஆம் ஆண்டிலும் 1909-ஆம் ஆண்டிலும் வந்த சட்டங்கள் அங்கத்தினர் எண்ணிக்கையைக் கூட்டின. தேர்தல் என்ற பெயரும் வந்தது. எனினும் ஜமீன்தார்கள், வணிகர் சங்கத்தார், நகரசபையினர் ஆகியோருக்கே அது கதவு திறந்தது. சேரிக்கென்று ஓர் இடமும் ஒதுக்கப்படவில்லை.

சபையில் இடமில்லை என்பதற்காக நம் முன்னோர் வாய் மூடி இருக்கவில்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1891-ஆம் ஆண்டில் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். அதே ஆண்டில் ரெட்டைமலை சீனிவாசன் அவர்கள் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893-இல் "பறையன்" என்ற பத்திரிகையை வெளியிட்டார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தம் பத்திரிகையின் பெயராக நிமிர்ந்து நின்று எழுதிய துணிவை எண்ணிப் பாருங்கள். அக்காலத்தில் அவர் இங்கிலாந்து பாராளுமன்றத்திற்கு அனுப்பிய ஒரு மனு 112 அடி நீளம் இருந்தது என்றும், அதில் 3,412 பேர் கையொப்பமிட்டிருந்தனர் என்றும் கூறுவர். நம் மக்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் எத்தனை அரியர் என்பதை நினைத்தால், அந்த நீளத்தின் அருமை விளங்கும். ஓட்டு இல்லாத மக்களுக்கு அன்று மனுவே ஓட்டாக இருந்தது.

1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் புதிய சபை ஒன்றை அமைத்தது. 1920 நவம்பரில் தேர்தல் நடைபெற்றது. நீதிக்கட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. அச்சபையின் அங்கத்தினர் 132 பேர். அவர்களுள் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 34 பேர் நியமிக்கப்பட்டவர். அந்த 34-இல் ஐந்தே இடங்கள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் ஒன்பது சமூகங்களைப் பெயர் சொல்லி அடுக்கி, அத்தனை பேருக்கும் சேர்த்து ஐந்து நாற்காலிகள்! அவையும் வாக்களித்துப் பெற்றவை அல்ல. வாக்குரிமை சொத்துக்கும் வரிக்கும் உரியதாக இருந்தது. குடியிருக்கும் மனையே மிராசுதாருடையது என்றிருந்தவனுக்கு வாக்குச் சீட்டு ஏது?

ஐந்து பேரால், அதுவும் நியமனம் பெற்றவர்களால், 132 பேர் கொண்ட சபையில் என்ன செய்ய முடியும்? அவர்கள் செய்ததைச் சொல்கிறேன். முடிவை நீங்களே கூறுங்கள்.

அச்சபையில் இடம்பெற்ற பெருந்தலைவர் எம். சி. ராஜா அவர்கள். 1883-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் பரங்கிமலையில் பிறந்தவர். அன்று பரங்கிமலையும் நம் ஸ்ரீபெரும்புதூரும் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தன. ஆதலால் அவர் நம் மாவட்டத்துக்காரர் என்று நாம் உரிமையோடு சொல்லலாம். அவர் ஆசிரியத் தொழில் செய்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதியவர். ஆசிரியனாகிய எனக்கு இச்செய்தி தனிப் பெருமை தருகிறது என்பதை மறைக்க மாட்டேன்.

1922-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் அவர் சபையில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். "பறையர்", "பஞ்சமர்" என்னும் சொற்களை அரசாங்க ஆவணங்களிலிருந்து நீக்கி, தமிழ் வழங்கும் பகுதியில் "ஆதி திராவிடர்" என்றும், தெலுங்கு வழங்கும் பகுதியில் "ஆதி ஆந்திரர்" என்றும் குறிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. தீர்மானம் நிறைவேறியது. அவ்வாண்டு மார்ச் 25-ஆம் நாள் அரசாணையும் வந்தது. பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவன் என்ற முறையில் நான் விடை சொல்கிறேன். ஒரு குழந்தையின் பெயருக்கு எதிரே என்ன எழுதப்படுகிறது என்பது சிறிய செய்தி அன்று. அக்குழந்தை தன்னைப் பற்றி முதன்முதலில் படிக்கும் எழுத்து அதுவே.

அடுத்து ரெட்டைமலை சீனிவாசன் அவர்கள். அவரும் நம் செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் பகுதியிலுள்ள கோழியாளத்தில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டுகள் பணியாற்றித் திரும்பி வந்து, 1923-இல் சபையின் அங்கத்தினரானார். கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆர். வீரையன் அவர்களும் அக்காலச் சபையில் இருந்தார். இவர்களைப் போன்றோரின் இடைவிடாத முயற்சியால், 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எந்தச் சாதியாரும் பயன்படுத்தலாம் என்பதே அது. அடுத்து வந்த ஆண்டுகளில் உள்ளாட்சிச் சட்டங்களும் அதற்கேற்பத் திருத்தம் பெற்றன.

இளைஞர்களே, இத்தீர்மானத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள். மனிதன் தெருவில் நடக்கலாம் என்று சொல்வதற்கு ஒரு சட்டசபை கூட வேண்டியிருந்தது! அந்தத் தெருவில் நடக்க முடியாத மக்களின் பிரதிநிதிகள் உள்ளே இருந்ததனால்தான் அது கூடிற்று. வெளியிலிருந்து ஆயிரம் பேர் இரக்கப்படுவது வேறு. உள்ளே ஒருவர் எழுந்து நின்று "இது எங்கள் உரிமை" என்று சொல்வது வேறு.

அருந்ததியர் சமூகத்தின் எல். சி. குருசாமி அவர்கள் 1920-களில் சபையில் இருந்து தம் மக்களின் கல்விக்காக வாதாடினார், பள்ளிகளும் நடத்தினார். சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் கல்விக்கழகத்தைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் சபையில் நெடுங்காலம் பணியாற்றினார். வழக்கறிஞரும் சட்டக் கல்லூரிப் பேராசிரியருமான என். சிவராஜ் அவர்கள் 1926 முதல் பத்தாண்டுகள் அங்கத்தினராக இருந்தார். பின்னர் மத்திய சட்டசபைக்கும் சென்றார். 1945-இல் சென்னை மேயரானார். அவரே 1957-இல் செங்கற்பட்டுத் தொகுதியிலிருந்து லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அக்காலத்தில் தாழ்த்தப்பட்டோர் நலனுக்கென லேபர் கமிஷனர் என்ற அதிகாரி நியமிக்கப்பட்டு, அவருடைய இலாகா வழியாக மனைக்கட்டுகள் வழங்கப்பட்டன, கிணறுகள் வெட்டப்பட்டன, பள்ளிகள் திறக்கப்பட்டன. நம் முதியோர் "லேபர் ஸ்கூல்" என்று சொல்வது இப்பள்ளிகளையே. இன்றைய ஆதி திராவிடர் நலப் பள்ளிகளின் தாய் அவை. சபையில் நம் அங்கத்தினர் கேட்ட கேள்விகள் பலவும் இந்த மனை, கிணறு, பள்ளி என்னும் மூன்றைச் சுற்றியே இருந்தன.

இனி, கருத்து வேறுபாடு நிறைந்த ஒரு கட்டத்துக்கு வருகிறேன். நம் தலைவர்கள் எல்லாரும் எப்போதும் ஒரே கருத்துடையவராய் இருந்தனர் என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. 1930-இலும் 1931-இலும் லண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளில் டாக்டர் அம்பேத்கர் அவர்களும் ரெட்டைமலை சீனிவாசன் அவர்களும் நம் பிரதிநிதிகளாகக் கலந்துகொண்டனர். நம் பிரதிநிதிகளை நம் மக்களே தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதி முறைக்காக வாதாடினர். எம். சி. ராஜா அவர்களோ 1932-இல் டாக்டர் மூஞ்சேயுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, இட ஒதுக்கீட்டுடன் கூடிய பொதுத் தொகுதியே நன்று என்றார்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமரின் வகுப்புத் தீர்ப்பு தனித் தொகுதியை வழங்கியது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அம்பேத்கர், ராஜா, சீனிவாசன் மூவருமே அதில் கையொப்பமிட்டனர். தனித் தொகுதி போயிற்று, இடங்கள் கூடின. வகுப்புத் தீர்ப்பில் இந்திய மாகாணங்கள் முழுவதற்கும் 71 ஆக இருந்த இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 18 என்றிருந்தது 30 ஆயிற்று.

இதில் நாம் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. இடம் நமக்கு உரியதாயினும், அதில் அமர்பவரைத் தேர்ந்தெடுப்பதில் பிறருடைய வாக்கே மிகுதியாக இருக்கும்போது, அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதே அவ்வாதத்தின் உயிர். நான் ஒரு தீர்ப்புக் கூற விரும்பவில்லை. இரு தரப்பையும் படித்து நீங்களே முடிவுக்கு வாருங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். அன்று எதிரெதிராக நின்ற ராஜாவும் அம்பேத்கரும், 1942-இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது இருவருமாகச் சென்று அவரைச் சந்தித்துத் தாழ்த்தப்பட்டோரின் நிலையை எடுத்துரைத்தனர். கருத்து வேறுபாடு பகையாக முடிய வேண்டியதில்லை. சிறு வேறுபாட்டுக்கே சங்கத்தை இரண்டாக்கிவிடும் நம் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் மொத்த இடங்கள் 215. நமக்கு ஒதுக்கப்பட்டவை 30. நியமனம் போய்த் தேர்தல் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை நீடித்த இடைக்கால அமைச்சரவையில் எம். சி. ராஜா அவர்கள் அமைச்சராக இருந்தார். ஜூலையில் அமைந்த ராஜாஜி அமைச்சரவையில் வி. ஐ. முனுசாமிப் பிள்ளை அவர்கள் அமைச்சரானார். ஜெ. சிவசண்முகம் பிள்ளை அவர்கள் அதே ஆண்டில் சென்னை மேயரானார். பின்னர் 1952-இல் அவரே சட்டமன்றத்தின் சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்தார். பேச அனுமதி கேட்டு நின்ற மக்களின் பிள்ளை, பிறருக்குப் பேச அனுமதி வழங்கும் இடத்தை அடைந்தார்.

1938-ஆம் ஆண்டில் ராஜா அவர்கள் சட்டமன்றத்தில் இரண்டு மசோதாக்கள் கொண்டு வந்தார். பொது இடங்களில் தீண்டாமைத் தடைகளை நீக்கும் மசோதா சட்டமாயிற்று. ஆலயப் பிரவேச மசோதாவோ அமைச்சரவையின் ஆதரவு கிட்டாமல் தோற்றது. மறு ஆண்டு, 1939 ஜூலை 8-ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் முதலானோர் நுழைந்தனர். 1947-இல் ஆலயப் பிரவேசத்துக்கு முழுச் சட்டம் வந்தது. 1954-இல் காமராசர் அமைச்சரவையில், நம் சமூகத்தவரான பி. பரமேசுவரன் அவர்கள் இந்து அறநிலையத் துறை அமைச்சரானார். தோற்ற மசோதாவுக்கும் கோயில்களை நிருவகிக்கும் அமைச்சருக்கும் இடையே பதினாறே ஆண்டுகள். சபையில் ஒருமுறை தோற்றது என்றும் தோற்றதாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கே அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்றையும் கூற வேண்டும். அடிமை முறை ஒழிந்தபின், 1870-இல் ஹைரம் ரெவெல்ஸ் என்ற கறுப்பினத்தவர் அந்நாட்டுச் செனட் சபையில் அமர்ந்தார். வேறு பலரும் தேர்தலில் வென்றனர். பின்னர் தென் மாநிலங்களில் வரி என்றும், எழுத்தறிவுத் தேர்வு என்றும் சூழ்ச்சி செய்து அவர்களின் வாக்குரிமையைப் பறித்தனர். 1901-க்குப் பிறகு ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் அந்நாட்டுக் காங்கிரஸில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை. ஏறிய சொல்லை அம்பலத்திலிருந்து இறக்கிவிடவும் முடியும் என்பதே இதன் பாடம். நமக்கு அந்நிலை நேராதபடி அரசியல் சட்டம் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கும், ஒதுக்கப்பட்ட இடங்களும் தந்தது. அவ்விடங்கள் முதலில் பத்தாண்டுகளுக்கென்றே தரப்பட்டன. பின் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டன. 2019-ஆம் ஆண்டின் 104-ஆம் திருத்தத்தின்படி அவை 2030 ஜனவரி வரை உள்ளன. இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்குரியவை. 1977 தேர்தல் முதல் நம் ஸ்ரீபெரும்புதூர்ச் சட்டமன்றத் தொகுதியும் அவற்றுள் ஒன்று. முதலமைச்சராயிருந்த பக்தவத்சலம் அவர்கள் 1957-இலும் 1962-இலும் வென்ற தொகுதி இது.

நண்பர்களே, இதுவரை சொன்னது ஏறிய கதை. ஏறிய பின் என்ன ஆயிற்று என்பதே இரண்டாவது வினா.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராயிருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892-இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. ராஜதானி முழுவதும் அவ்வாறு வழங்கப்பட்டவை ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் என்பர். இவையே பஞ்சமி நிலங்கள். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் ஆணையிலேயே இருந்தது. ஆயினும் அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. அவற்றை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் எழுந்து, ஒரு சென்ட் மனையும் பொன் விலை பெறும் இக்காலத்தில், தன் பாட்டன் பெயரில் இருந்த நிலம் எந்த வகையானது என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த இளைஞர் நம்மில் எத்தனை பேர்?

இன்னொன்று. 1992-ஆம் ஆண்டின் 73-ஆம் திருத்தம் ஊராட்சிகளிலும் நமக்கு இடம் ஒதுக்கியது. மதுரை மாவட்டம் மேலவளவில் அவ்வாறு தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30-ஆம் நாள் தம் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி போன்ற ஊர்களில் 2006 வரை தேர்தலை முறையாக நடத்தவே இயலவில்லை. கோட்டையில் நாற்காலி கிடைத்த பின்னும் ஊரில் நாற்காலி எளிதில் கிடைக்கவில்லை.

சட்டம் இல்லாமற் போனதால் இவை நேர்ந்தன என்று சொல்ல முடியாது. 1924-இன் தீர்மானம் இருந்தது. அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இருந்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அதைப் பறித்து அரிந்து உலையில் இட ஒரு கை வேண்டும். அந்தக் கை படித்த இளைஞனுடைய கை. படித்த பெண்ணுடைய கை. சபையில் ஐந்து பேர் இருந்த காலத்திலேயே ஆணைகள் பிறந்தன. ஊர்தோறும் அவ்வாணையைப் படித்துக் காட்ட ஒருவர் இல்லாததால்தான் பல ஆணைகள் அலமாரியில் உறங்கின. பள்ளியும் சட்டசபையும் சந்திக்கும் இடம் இதுவே. அங்கே எழுதப்படுவதை இங்கே படிக்கத் தெரிய வேண்டும்.

ஆகவே, இளைஞர்களுக்கு நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, 18 வயது நிறைந்தவுடன் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள். வேலைக்காக இடம் மாறினால் பெயரையும் மாற்றிக் கொள்ளுங்கள். உங்கள் பாட்டனாருக்கு மறுக்கப்பட்ட உரிமை அது.

இரண்டாவது, கிராம சபைக்குச் செல்லுங்கள். சென்று பின்வரிசையில் நிற்காமல், எழுதி எடுத்துச் சென்ற கேள்வியைக் கேளுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் பதியும் வரை இருங்கள்.

மூன்றாவது, நம் தொகுதியின் பிரதிநிதி எக்கட்சியினராயினும், அவர் சட்டமன்றத்தில் என்ன பேசினார், என்ன கேட்டார் என்பதை விசாரித்து அறியுங்கள். ஒதுக்கப்பட்ட இடத்தில் அமர்பவர் நம்மைக் கேட்காமல் இருக்கலாம். நாம் அவரைக் கேட்காமல் இருத்தல் ஆகாது.

நான்காவது, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையாளப் பழகுங்கள். 112 அடி நீள மனு தேவைப்பட்ட காலம் போயிற்று. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு பக்கத் தாள் இன்று அலுவலகத்தை விடை சொல்ல வைக்கும்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். நம் நூலகத்தில் எம். சி. ராஜா, ரெட்டைமலை சீனிவாசன், சிவராஜ், சகஜானந்தர், குருசாமி ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளுக்கென ஓர் அலமாரி ஒதுக்குங்கள். அவர்கள் பெயரைப் பரிசளிப்புக்குச் சூட்டுவதோடு நில்லாமல், அவர்கள் சபையில் கேட்டது என்ன என்பதை ஆண்டுக்கொரு முறையேனும் மாணவரைக் கொண்டு பேச வையுங்கள்.

வெள்ளி விழாக் காணும் இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இக்கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் ஒருவர் சட்டமன்றத்தில் எழுந்து நின்று பேசுபவராக விளங்க வேண்டும். அவர் பேசியதைத் தம் ஊரில் நிறைவேற்றி வைக்கும் நூறு பேரும் இவர்களுள்ளிருந்தே வரவேண்டும். ஒருவர் பேச, நூறு பேர் அதனைச் செயலாக்கினால்தான் ஏழை சொல் அம்பலம் ஏறியதாகப் பொருள்.